பாசி சொன்ன சாட்சி

ஊமைக்கு வாய் உண்டா? உண்டு என்று காட்டியது கொடைக்கானல் மலை!

மரத்தைப் போர்த்திக் கிடக்கும் பச்சைப் பாசி. காசுக்கு ஆகாதது, கடைக்கு வராதது, கவிஞன்கூடத் திரும்பிப் பாராதது. பக்கத்திலே ஒட்டி வளரும் கல்பாசிக்காவது பிரியாணிச் சட்டியிலே ஓர் இடம் உண்டு; இதற்கு அதுவும் இல்லை. அந்தப் பாசிதான், தோழனே, தொழிலாளியின் பேச்சு அம்பலம் ஏறாத காலத்தில் அவன் பக்கம் நின்று சாட்சி சொன்னது!

"தஞ்சைத் தரணியிலே சேற்றில் நிற்கும் எனக்கும் பழனி மலைப் பாசிக்கும் என்ன பந்தம்?" என்பாய். கேள். அந்த மலையின் வடசரிவிலே விழும் மழை சண்முகாநதியாகி, அமராவதியிலே கலந்து, கரூருக்குப் பக்கத்தில் காவிரியை அடைகிறது. உன் மடைவாயிலே வந்து நிற்கும் நீரில் அதன் பங்கும் உண்டு. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசிய விடுவது சோலைக்காடு. அந்தக் காட்டின் பஞ்சு மெத்தைதான் பாசி. வரப்பிலே முளைக்கும் கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு என்று உன் பாட்டி அறிவாள். பாசியை யார் அறிவார்? செண்பகனூரிலே இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் போரோ அறிந்தார். பழனி மலைப் பாசிகளைப் பற்றிய அவரது பட்டியல் 1961-இல் அச்சேறியது. வந்தவர் குனிந்து பார்த்தார். சொந்தக்காரர் நாம் மிதித்து நடந்தோம்!

1980களின் தொடக்கத்திலே அந்த மலைக்கு ஓர் ஆலை வந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த தெர்மாமீட்டர் ஆலை. பாண்ட்ஸ் கம்பெனி கொண்டுவந்தது, பின்பு இந்துஸ்தான் லீவர் வசம் போனது. பாதரசம் கடல் கடந்து வந்தது. தெர்மாமீட்டர் கடல் கடந்து போனது. மிச்சம் இங்கே தங்கியது! ஊரார் காய்ச்சலை அளக்கக் கருவி செய்தவனின் உடம்பை அளக்க ஆளில்லை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையிலே பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்தது வெளியே வந்தது. ஊர் திரண்டது, ஆலை மூடியது.

இங்கேதான் பாசி வருகிறது. அதற்கு மண்ணை உறிஞ்சும் வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதை உடம்பு முழுவதாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். நல்லது வந்தால் நல்லது, நஞ்சு வந்தால் நஞ்சு. இதை அறிந்து சுவீடன் நாட்டு அறிஞர்கள் 1960களின் இறுதியிலேயே பாசியைக் கொண்டு காற்றின் கனஉலோகத்தை அளந்தார்கள். அதே வழியிலே ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தார், ஆலையைச் சுற்றியிருந்த மரங்களின் பாசியையும் கல்பாசி இனத்தையும் சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள். பாசி பாதரசத்தைக் காட்டிக்கொடுத்தது! பாசிக்கு லஞ்சம் கொடுக்க முடியாதே!

அதே 2003-இல், பாதரசம் கலந்த கழிவு 290 டன் கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது. கண்ணாடிக்குத் திரும்பும் வழி கிடைத்தது. தன் உடம்புக்குள் போனது என்று தொழிலாளி சொன்ன பாதரசத்துக்கு? ஆலையால் உடல்நலம் கெடவில்லை என்றே கம்பெனி சாதித்தது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு வந்தது 2016-இல்! பதினைந்து ஆண்டு. அதற்குள் எத்தனை கூட்டம், எத்தனை மனு, எத்தனை வழக்கு!

சட்டமும் அப்படித்தான் வந்தது. ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் காடு கொடைக்கானல் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது 2013-இல். ஆலை மூடிப் பன்னிரண்டு ஆண்டு கழித்து! நம் டெல்டாவுக்கும் 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் சட்டம் காகிதத்திலே இருக்கும். நஞ்சு காற்றிலே இருக்கும். காகிதத்தைச் சோதித்தால் காற்று தெரியாது.

ஆகவே கேட்போம். ஆலைக்குக் கீழே இருக்கும் பாம்பார் சோலையின் பாசியை ஆண்டுதோறும் எடுத்துச் சோதிக்கட்டும். வந்த எண்ணைத் தமிழிலே எழுதி, கூலிக்காரனும் படிக்கும்படி நகராட்சி வாசலிலே ஒட்டட்டும். அப்படியே நம் வாய்க்கால் கரைப் பாசியையும் ஒரு பிடி அள்ளி அந்தத் தராசிலே வைக்கட்டும்!