வில் முறிக்கும் வேலை

மயிலாப்பூரில் சனிக்கிழமை மாலைகளில் கூடி, நாவலையும் கவிதையையும் பற்றிச் சண்டையிட்டுக் கலைகிற எங்களுக்குக் காரின் ஸ்பிரிங்கைக் குறித்துக் கருத்துச் சொல்ல என்ன தகுதி என்று கேட்பது நியாயமே. எங்களுள் ஒருவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையொன்றில் நெடுங்காலம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றையோர் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அவ்வளவுதான் தகுதி.

பேச்சு எழுந்தது ஒரு நண்பரின் மகனால். இருபத்து மூன்று வயது. வேலைக்குச் சேர்ந்த ஈராண்டுச் சேமிப்பைக் கொண்டு கைமாறிய சிறிய கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். சக்கரத்துக்கும் அதன் மேல்வளைவுக்கும் இடையே தெரியும் வெற்றிடம் அவன் கண்ணை உறுத்துகிறது. வண்டியைத் தாழ்த்த வேண்டும். நல்ல முறையில் தாழ்த்தக் கையில் பணமில்லை. பட்டறை ஒன்றில், ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிட்டால் போதும், அரை நாள் வேலை, கூலி மட்டும் கொடு என்றிருக்கிறார்கள். அந்தக் காரில்தான் அவன் பாட்டி கபாலீசுவரர் கோயிலுக்கும் அடையாற்றிலுள்ள மருத்துவரிடமும் போய்வருகிறார். தகப்பனார் கலங்கிப்போய் எங்களிடம் வந்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தாழ்ந்த காரின் மீது இளைஞனுக்குள்ள ஆசையை எள்ளி நகையாட எங்களுக்கு விருப்பமில்லை. அச்சுக் கோத்த பக்கத்தின் ஓரவெளி கால் அங்குலம் கூடியிருந்தாலே முகம் சுளிக்கிறவர்கள் நாங்கள். சக்கர வளைவின் வெற்றிடம் ஒருவனை உறுத்துவது எங்களுக்குப் புரியாத நோயன்று. எங்கள் மறுப்பெல்லாம் அந்த அறுப்பின் மீதுதான். பணம் போதாதென்றால் கைவிட வேண்டியது தாழ்த்தும் எண்ணத்தையே, ஸ்பிரிங்கையன்று.

தமிழில் இதற்கு அழகான சொல் முன்பே இருக்கிறது. கட்டை வண்டியில் போனவர்கள், எஃகுப் பட்டைகளை வளைத்து அடுக்கி அதன்மேல் கூண்டு அமைந்த வண்டியைக் கண்டு, வில்வண்டி என்று பெயரிட்டார்கள். வண்டியின் சுகம் வில்லில் இருக்கிறது என்று கண்டுகொண்ட பெயர் அது. இன்றைய காரில் அந்த வில் சுருண்டு காயிலாகிவிட்டது, வேலை மாறவில்லை.

சுருள்வில்லின் விறைப்பு அதன் இயங்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமைவது. ஆறு சுற்றுள்ள வில்லில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 20 விழுக்காடு கூடிவிடும். கூடிய விறைப்பை அடக்கவேண்டிய ஷாக் அப்சார்பரோ பழையது. பழைய வில்லின் குணத்துக்கென அளந்து செய்யப்பட்டது. அதனால் வண்டி பள்ளத்தில் விழுந்தெழும்போது ஒருமுறை குதித்து அடங்காமல் மூன்று முறை குதிக்கும். சக்கரம் அந்தரத்தில் இருக்கும் கணங்களில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. இன்னொரு தீங்கு இதனினும் மோசமானது. வில்லின் நுனி, தான் அமரும் கிண்ணத்துக்கேற்ப வடிவமைக்கப்பட்டிருக்கும். அறுத்த நுனி அவ்வாறு அமராது. பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுதும் கீழிறங்கும்போது குட்டையான வில் தளர்ந்து கிண்ணத்தைவிட்டு நகர்ந்தால், திரும்பி உட்கார வேண்டிய இடத்தில் உட்காரும் என்பதற்கு எவர் பொறுப்பு? அறுப்பதற்குப் பதிலாக நெருப்பில் காட்டி அமுக்கிவிடுவோரும் உண்டு. பதமேற்றிய எஃகின் பதத்தையே அழிக்கும் வேலை அது. எவ்வளவு தாழும், எப்போது உடையும் என்பதைக் கொல்லனாலும் சொல்ல முடியாது.

தாழ்த்தினால் வளைவுகளில் வண்டி சாயாது என்பது பரவலான நம்பிக்கை. அளவோடு, முறையான வில்லோடு தாழ்த்தினால் உண்மைதான். ஆனால் பெரும்பாலான சிறு கார்களின் முன்புறம் மக்பர்சன் வகை அமைப்பு. அதில் கீழ்க்கை கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாயுமளவுக்குத் தாழ்த்திவிட்டால், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடைமையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. சாய்க்கும் நெம்பின் நீளம் கூடுகிறது. தாழ்ந்த வண்டி கூடுதலாகச் சாய முயலும் விந்தை இது. பழைய கார்கள் சிலவற்றில் பின்பிரேக்குக்குச் செல்லும் அழுத்தத்தைப் பின்புறத்தின் உயரத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்றுண்டு. பின்புறம் தாழ்ந்தால் ஆட்கள் ஏறியிருக்கிறார்கள் என்று அது எண்ணிக்கொள்ளும். வெற்று வண்டியின் பின்சக்கரங்களுக்கு அழுத்தத்தை வாரி வழங்கும். மழையில் சடக்கென்று பிரேக் பிடிக்கையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பி நிற்பது இப்படித்தான்.

இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொது. எங்கள் தெருக்களுக்கென்று தனிக் கணக்கொன்று இருக்கிறது. இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட, 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு. முன்பின் சக்கரங்களுக்கிடையே 2.45 மீட்டர் நீளமுள்ள கார் அதன் நடுவில் நின்றால், வயிற்றுக்கு அடியில் மேடு எழுவது நாலரை சென்டிமீட்டருக்கும் குறைவே. அத்தகைய மேட்டைத் தாழ்த்திய வண்டியும் தாண்டும். ஆனால் மந்தைவெளியிலோ தியாகராய நகரின் உட்தெருவிலோ உள்ள வேகத்தடையைப் பாருங்கள்: அரை மீட்டர் அகலத்தில் நடுத்தெருவில் எழுப்பிய திண்ணை. நான்கு சக்கரமும் சமதரையில் நிற்க, அந்தப் பத்து சென்டிமீட்டரும் முழுதாக வயிற்றுக்கடியில் வந்துவிடுகிறது. இங்கு விற்கும் சிறு கார்களின் தரை இடைவெளி பெரும்பாலும் 160 முதல் 180 மி.மீ. நாற்பதைக் குறைத்து, பாட்டி உட்பட ஐவரை ஏற்றி, அவர்கள் எடைக்கு இன்னொரு நாற்பது ஐம்பது அமிழவிட்டுக் கணக்குப் போட்டால் மிஞ்சுவது என்ன? இடிபடுவது பம்பர் மட்டுமாயின் தொலைகிறது என்று விடலாம். எஞ்சினின் அடியில் ஆயில் சம்ப் இருக்கிறது.

தெருவின் மட்டமும் நிலையாயிருப்பதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், மயிலாப்பூரின் பழைய வீடுகளுக்குப் படியேறிப் போன காலம் மாறி, படியிறங்கிப் போகும்படி ஆகிவிட்டது. எழுத்தாளராகவும் எங்களுக்குத் தெரிந்த வெ. இறையன்பு, 2021இல் தலைமைச் செயலாளரான வேளையில், சுரண்டிவிட்டே புதுத்தளம் இடவேண்டும் என்று அறிவுறுத்தினார். நல்ல காரியம். ஆனால் சுரண்டிய தெருவுக்கும் புதிதாய்ப் போடுவதற்கும் இடைப்பட்ட நாட்களில், துருத்தி நிற்கும் பாதாளச் சாக்கடை மூடிகளைத் தாழ்ந்த காரோட்டி எப்படிக் கடப்பான் என்பது வேறு கதை. மெட்ரோ இரயிலுக்காக லஸ்ஸிலும் பனகல் பூங்காவிலும் தோண்டிய பள்ளங்களும் மாற்றுப் பாதைகளும் பற்றி மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் தெருவில் நின்ற நீரை நினைத்துக்கொண்டால், நாற்பது மில்லிமீட்டர் சிறிய எண்ணாகத் தோன்றாது.

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. அதே ஆண்டின் திருத்தத்தால், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றாயிற்று. ஸ்பிரிங்கின் உயரம் பதிவுச் சான்றில் எழுதப்படுவதில்லையே என்று வாதிடலாம். எங்களுள் வழக்குரைஞராய் இருப்பவர், அந்த வாதத்தை நம்பி ஒரு கட்சிக்காரரை அழைத்துப் போகமாட்டேன் என்கிறார். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் தெரிவிக்கப்படாத மாற்றத்தைச் சுட்டிக் கைவிரிக்கவும் இடமுண்டு.

அப்படியானால் குறைந்த பணத்தில் என்னதான் செய்வது என்று பையன் கேட்டான். பொறியாளர் நண்பர் சொன்னதை அப்படியே தருகிறோம். வண்டி பழையது, அதன் ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிகிறதா, ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கின்றனவா, மேல் மவுண்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார். அவற்றை இருபுறமும் சோடியாக மாற்று. புஷ் போல்ட்டுகளை இறுதியாக இறுக்கும்போது வண்டி ஜாக்கியில் தொங்கக் கூடாது, தன் சக்கரங்களில் நிற்கவேண்டும். இல்லையேல் ரப்பர் முறுகிக்கொண்டே இருந்து விரைவில் கிழியும். பிறகு அலைன்மென்ட். மிச்சப் பணமிருந்தால் நல்ல டயர். இவ்வளவையும் செய்து ஆறு மாதம் ஓட்டு. அதன் பிறகும் ஆசை தீரவில்லையென்றால், உன் காரின் அதே மாடலுக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங் தொகுதியை, 25 மி.மீ. அளவுக்கு மேல் போகாமல், பொருத்தமான ஷாக் அப்சார்பரும் பம்ப் ஸ்டாப்பும் சேர்த்து வாங்கு. ஸ்பிரிங்கைக் கழற்ற அதற்குரிய அமுக்கி இல்லாத பட்டறையில் வண்டியை விடாதே. அமுங்கிய வில் விடுபட்டால் ஆளைக் கொல்லும். போட்டபின் மறுபடி அலைன்மென்ட், முகப்பு விளக்கின் கோணம், ஐந்து பேரை ஏற்றி ஒரு சோதனை ஓட்டம். பழைய ஸ்பிரிங்குகளைத் தூக்கியெறியாதே.

புதுப்பேட்டையில் பாதி விலைக்குக் கிடைக்குமே என்றான். கதவு வாங்கு, கண்ணாடி வாங்கு, இருக்கை வாங்கு. புதுப்பேட்டை இல்லாமல் இந்நகரத்தில் பாதி வண்டி ஓடாது. ஆனால் யார் காரிலிருந்து, எந்த விபத்துக்குப் பிறகு கழற்றியது என்று தெரியாத ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வேண்டாம் என்றார் நண்பர். எங்களுக்கும் அதுவே சரியெனப் பட்டது.

தாழ்ந்த கார்களுக்கு இங்கே இடமே இல்லையா என்றால், இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் உண்டு. 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர்த் தடமமைத்து இரவுப் பந்தயமும் நடந்தது. தரையோடு தரையாய்ப் படுத்த வண்டிகள் நகரச் சாலையில் பறந்ததைக் கண்டபின் இளைஞர்களைக் குறைசொல்வதெப்படி என்று எங்களுள் இருவர் இன்னும் வாதிடுகிறார்கள். அந்த வண்டிகளுக்காகச் சாலையை முதலில் தயார் செய்தார்கள் என்பது மற்ற இருவர் கட்சி.

"மாமா, கபாலி தேருக்கே ஸ்பிரிங் கிடையாதே" என்றான் பையன், விடைபெறும்போது. தேர் நடைவேகத்தில் போகிறது, முட்டுக்கட்டை போடவும் ஆளிருக்கிறது என்று பதில் சொன்னோம். சிரித்தான். சென்ற வாரம் முன்புற ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் மாற்றியிருக்கிறான். ஒன்று முற்றிலும் கசிந்து காலியாகியிருந்ததாம். பின்புறத்துக்கு அடுத்த மாதச் சம்பளம் வரவேண்டும். ஸ்பிரிங்கை இன்னும் அறுக்கவில்லை.