நடுக்கடலில் என்ன ரகசியம்?

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய படகில் 157 பேர். பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள். ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல் குழந்தை குட்டிகளோடு அவர்களை ஏறத்தாழ ஒரு மாதம் கடலிலேயே அடைத்துவைத்தது. அப்படியொரு படகு உண்டா என்று நிருபர்கள் கேட்டபோது, குடிவரவு அமைச்சர் ஸ்காட் மோரிசன் பிடிகொடுக்கவே இல்லை. கடல் நடவடிக்கை பற்றிப் பேச மாட்டாராம்! உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்த பிறகுதான் அரசுத் தரப்பு வாய் திறந்தது. 2015 ஜனவரியில் நான்குக்கு மூன்று நீதிபதிகள் என்ற கணக்கில் அந்த வழக்கில் அரசு தப்பியது.

வெளியே சொன்னால் ஆட்கடத்தல்காரர்களுக்குத் துப்புக் கிடைத்துவிடும் என்பது அரசின் சாக்கு. நாளைய ரோந்தை மறைக்கட்டும், சரி. நேற்றுப் பிடித்தவர்களின் எண்ணிக்கையில் என்ன ரகசியம்? சிட்னியில் வரி கட்டுகிற என் காசும்தான் அந்தக் கப்பலின் டீசல். படகை மறித்த 48 மணி நேரத்துக்குள் நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும்.