வட்டார எல்லையும் தோட்டத்து வாக்கும்

அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பெருவீதியில், களனி கங்கையின் கரையோரமாக, கேகாலை மாவட்டத்தின் கிழக்கு எல்லையை அண்டி அமைந்திருக்கிறது கித்துல்கல. கீழே இறப்பர், மேலே தேயிலை, இரண்டுக்கும் இடையே ஓயாத மழை. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்துக்காக இங்கே ஆற்றின் குறுக்கே ஒரு மரப்பாலம் கட்டப்பட்டுப் பின்னர் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. தகர்ப்பதற்கென்றே கட்டப்பெற்ற அப்பாலத்தின் சுவடு காண இன்றும் உல்லாசப் பிரயாணிகள் வந்துபோகின்றனர்.

நான் எழுத முற்படுவது வேறொரு பாலத்தைப் பற்றியது. பல ஆண்டுகள் நான் படிப்பித்த ஒரு தோட்டத்தில், மேற்பிரிவு லயங்களையும் கீழ்ப்பிரிவுப் பாடசாலையையும் இணைத்து, ஓடையின் மீது ஒரு சிறு நடைபாலம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அது அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் ஒரு மைலுக்கு மேல் சுற்றி வரலாயினர். மேற்பிரிவு ஒரு வட்டாரம், கீழ்ப்பிரிவு மற்றொரு வட்டாரம், ஓடையே எல்லை. ஒரு வட்டாரத்து உறுப்பினரிடம் சென்றால், பாலம் மற்றவருக்குரியது என்றார். மற்றவரிடம் சென்றால், முந்தியவருக்குரியது என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் அத்தோட்டத்து வாக்கு வெற்றி தோல்வியை நிர்ணயிக்கும் அளவுக்கு இல்லை என்பதே உண்மை.

2025 மே மாதம் 6ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலன்று, வாக்களித்துத் திரும்பிய முதிய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் என்னை வழியில் மறித்தார். "மாஸ்டர், ஒரே தோட்டத்த ரெண்டா வெட்டிக் கோடு கீறியிருக்காங்களே, அந்தக் கோட்ட யாருங்க கீறுனது?" என்று கேட்டார். "கொழும்பில் ஒரு குழு கீறியது, ஐயா" என்றேன். "அவங்க இந்த ஓடையப் பாத்தாங்களா?" என்றார். அன்று நான் சொல்லத் தவறிய மறுமொழியே இக்கட்டுரை.

எல்லை கீறுதல் நமக்குப் புதிய கலையன்று. பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தகன் காலத்தில், உத்தரமேரூர்ச் சபையார் தம் ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடும்புக்கு ஒருவரைக் குடவோலை இட்டுத் தெரிந்தெடுத்தனர் என்பதைக் கல்வெட்டு கூறுகிறது. மேடைதோறும் நாம் பெருமை பேசும் செய்தி அது. ஆயின், அதே கல்வெட்டு, சபைக்கு வர விரும்புவோன் இறை செலுத்தும் நிலம் உடையவனாகவும் சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவனாகவும் இருத்தல் வேண்டும் என்று விதித்ததையும் மறத்தலாகாது. சொந்த மனை இல்லாதவனுக்குச் சபையில் இடமில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, இலங்கைத் தோட்டங்களின் வரலாற்றில் அதே விதி வேறு உடை தரித்து வந்தது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை அளித்தபோதே, தோட்டத் தொழிலாளர்க்கு நிரந்தர வதிவு பற்றிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டத்து லயங்களில் வாழும் தொழிலாளர் கிராமச் சபை வாக்குரிமையினின்றும் விலக்கப்பட்டனர். லயம் துரைமாருடையது; தொழிலாளி அதில் குடியிருப்பவனேயன்றி ஊரவன் அல்லன் என்பது அதன் உட்பொருள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் எஞ்சியிருந்ததையும் பறித்தன. அப்பொழுது அவற்றை எதிர்த்து நின்றவர்களுள் ஒருவரான கலாநிதி என். எம். பெரேரா, 1960 முதல் 1977 வரை கித்துல்கல அடங்கிய எட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதியாய் இருந்தவர் என்பது இவ்வூரார் நினைவிற் கொள்ளத்தக்கது.

இங்கே ஒரு விந்தையை வாசகர் கவனித்தல் வேண்டும். சோல்பரி அரசியலமைப்பின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனமும், 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் ஆசனமும் எனக் கணக்கிடப்பட்டது. 1959இல் தொகுதிகள் மீண்டும் வகுக்கப்பட்டபோது, தலைகளை எண்ணுகையில் நாடற்றவர்களும் எண்ணப்பட்டனர். வாக்குச் சீட்டைக் கொடுக்கையில் அவர்கள் விலக்கப்பட்டனர். அதாவது, தோட்டத் தொழிலாளரின் தொகை மலைநாட்டுக்கு ஆசனங்களைக் கூட்டித் தந்தது. அவ்வாசனங்களில் யார் அமர்வது என்பதை அயற் கிராமத்தார் மட்டும் தீர்மானித்தனர். அவன் தலைக்கு நிறை இருந்தது, வாய்க்கு இல்லை. எல்லைக் கோடு என்பது நில அளவையாளரின் வெறும் மைக்கோடு அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும், 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தமும் மக்களைப் பங்கிட்டன. 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் எஞ்சியோர் படிப்படியாகப் பிரசைகளாயினர். வாக்கு வந்தது. ஆயின், வாக்கின் பயன் வரவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுதற்குத் தடையாய் நின்றது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த உறுப்பினர், வென்றபின் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போடச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல முடிந்தது, சொல்லவும் செய்தனர். அத்தடை 2018இல்தான் திருத்தப்பட்டது. ஆகவே, தோட்டத்தவனுக்குப் பிரதேச சபை உண்மையான சபையாகி இன்னும் பல்லாண்டுகள் ஆகவில்லை. இந்நிலையில் வட்டார எல்லை எப்படி அமைகிறது என்பது முன்னெப்போதையும்விட முக்கியமாகிறது.

இனி, இப்பொழுதுள்ள முறையை நோக்குவோம். நெடுங்காலம் விகிதாசார முறையில் நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தல், 2012ஆம் ஆண்டின் சட்டத்தாலும் 2017ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் கலப்பு முறையாக மாற்றப்பட்டது. உறுப்பினரில் 60 வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும், 40 வீதத்தினர் கட்சிப் பட்டியல்களிலிருந்தும் வருவர். வட்டாரங்களை முதலில் வகுத்த குழுவின் முடிவுகள் பற்றி முறைப்பாடுகள் குவிந்தமையால், அசோக பீரிஸ் தலைமையில் மீளாய்வுக் குழு ஒன்று நியமிக்கப்பட்டு, அதன் பின்னர் 2017 பெப்ரவரியில் எல்லைகள் வர்த்தமானியில் வெளியாயின. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி முதன்முறையாக அம்முறையில் வாக்களித்தோம்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் கற்பித்துக்கொண்ட கணக்கு. ஒரு சபைப் பகுதியில் நான்கு வட்டாரங்கள்; வட்டாரத்துக்கு 1,000 வாக்காளர்; மொத்தம் 4,000 பேரில் தோட்டத்தவர் 1,200 பேர் என்க. எல்லைக் கோடு தோட்டங்களை ஊடறுத்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் 300 பேராக அவர்களைச் சிதறடித்தால், நான்கிலும் அவர்கள் சிறுபான்மையினர். பத்தில் மூவராய் இருந்தும் ஒரு வட்டாரத்தையேனும் தம் விருப்பப்படி தீர்மானிக்க இயலாது. தோட்டங்களை ஒன்றாக வைத்து, ஒரு வட்டாரத்தில் 800 பேர் அமையக் கோடு கீறினால், ஒருவர் நிச்சயம் வருவார். மக்கள் மாறவில்லை, வாக்கு மாறவில்லை, கோடு மட்டுமே மாறியது.

"பட்டியல் ஆசனம் அக்குறையை நிரப்பாதா?" என்று அறிவார்ந்த மாணவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இச்சட்டத்தின்படி சபைப் பகுதி முழுவதும் ஒரு கட்சி பெற்ற வாக்கைக் கூட்டி, அக்கட்சிக்குரிய மொத்த ஆசனங்களைக் கண்டு, வட்டாரங்களில் வென்றவற்றைக் கழித்து, எஞ்சியதைப் பட்டியலிலிருந்து கொடுப்பர். எனவே கட்சிக்கு நீதி கிடைக்கும். ஆயின், பட்டியலில் எவரை அழைப்பது என்பதைக் கட்சிச் செயலாளர் தீர்மானிப்பார். தோட்டத்தவரின் வாக்கு பெருங்கட்சி ஒன்றின் பெட்டியில் கலந்துவிட்டால், அதன் பயனாக வரும் ஆசனம் எந்த ஊருக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பட்டியல் கட்சிக்குப் பதில் சொல்லும்; வட்டாரமே ஓடைக்குப் பதில் சொல்லும்.

இவ்விடத்தில் நுவரெலியாவுக்கும் நமக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் அவசியம். அங்கே மலையகத் தமிழர் திரண்டு வாழ்கின்றனர். நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரண்டு பிரதேச சபைகளும் ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைத் தாங்கி நின்றமை அங்கிருந்த அநீதி. நெடுநாட் கோரிக்கையின் பயனாக, 2018ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர் அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என்னும் புதிய சபைகள் தோன்றின; இரண்டு ஆறாயின. சப்ரகமுவவிலோ நாம் திரண்டு வாழவில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகல, இரத்தினபுரி, பலாங்கொடை எனத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே திட்டுத் திட்டாய்க் கிடக்கின்றன. அங்கே பெரியதைப் பிரித்தல் மருந்து. இங்கே சிதறியதைச் சேர்த்தல் மருந்து. நுவரெலியாவின் மருந்துச் சீட்டைக் கித்துல்கலைக்குக் கொண்டுவருதல் பொருந்தாது.

உலக வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. இங்கிலாந்தில் மக்களே குடியிராத ஓல்ட் சாரம் என்னும் மேடு, 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தம் வரை பாராளுமன்றத்துக்கு இருவரை அனுப்பிற்று; மான்செஸ்டர் போன்ற பெருநகரோ தனக்கென ஒருவரையும் அனுப்பவில்லை. அமெரிக்காவில் 1812இல் மசாசூசெற்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரியின் கட்சி வகுத்த தொகுதியொன்று பல்லியினப் பிராணி போல் நெளிந்து கிடந்தமையால், வஞ்சகமாய் எல்லை கீறுதலுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1964இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், பிரதிநிதித்துவம் மனிதருக்கே உரியது, மரத்துக்கும் நிலப்பரப்புக்கும் உரியதன்று என்னும் கருத்துப்படத் தீர்ப்பளித்தது.

எதிர்வாதம் இரண்டுண்டு. இரண்டும் மதிக்கத்தக்கன. இனத்தின் பெயரால் வட்டாரம் வகுத்தால், சிங்களக் கிராமத்தானையும் தமிழ்த் தோட்டத்தானையும் நிரந்தரமாகப் பிரித்துவிட மாட்டோமா என்பது முதலாவது. நான் இனத்தின் பெயரால் கேட்கவில்லை. ஒரே ஓடையில் நீர் எடுப்போர், ஒரே பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புவோர், ஒரே பாதையில் நடப்போர் ஒரே வட்டாரத்தில் இருக்கட்டும் என்கிறேன். மக்கள் கலந்து வாழும் இடங்களில் இருவரையோ மூவரையோ தெரிவு செய்யும் பல அங்கத்தவர் வட்டாரத்துக்குச் சட்டம் ஏற்கெனவே இடமளித்திருக்கிறது. அங்கே கிராமத்தவரும் தோட்டத்தவரும் ஒரே எல்லைக்குள் நின்று, இரு திறத்தாரும் தம் பிரதிநிதியைப் பெற வாய்ப்புண்டு. சப்ரகமுவவுக்கு மிகப் பொருத்தமான வழி அதுவே என்பது என் துணிபு.

இரண்டாவது வாதம் செலவு பற்றியது. கலப்பு முறையால் நாடளாவிய உறுப்பினர் தொகை சுமார் 4,500இலிருந்து 8,000க்கு மேல் உயர்ந்தது. இதனைக் குறைத்தற்கென 2022இல் மகிந்த தேசப்பிரிய தலைமையில் எல்லை நிர்ணயக் குழு அமைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில் அறிக்கையும் கையளிக்கப்பட்டது. எனினும் 2025ஆம் ஆண்டுத் தேர்தல் பழைய வட்டாரங்களிலேயே நடந்தது. உறுப்பினரைக் குறைத்தல் நன்றே. ஆயின், தொகை குறையும்போது வட்டாரம் பெருக்கும். வட்டாரம் பெருத்தால், சிறு திட்டுகளாய் வாழ்வோர் பெரிய பரப்பில் மேலும் கரைந்துபோவர். சிக்கனத்தின் சுமை எளியவன் தலையில் மட்டும் விழாதிருக்க வேண்டுமாயின், குறைப்பும் பல அங்கத்தவர் ஏற்பாடும் ஒருங்கே வருதல் வேண்டும்.

இன்னுமோர் எச்சரிக்கையும் உண்டு. எல்லை நிர்ணயம் தேர்தலைத் தள்ளிப்போடும் சாக்காகிவிடக் கூடாது. மாகாண சபைகளுக்கென 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட எல்லை அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. 2025ஆம் ஆண்டிலும் அத்தேர்தல் நடைபெறவில்லை. 2023 மார்ச்சில் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தலோ பணமில்லை என்று பிற்போடப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோணலான கோட்டில் நடக்கும் தேர்தலும் தேர்தலே இல்லாமையினும் மேலானது. கோட்டைத் திருத்தும் வேலை இரு தேர்தல்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நடைபெறல் வேண்டும். அக்காலம் இதுவே.

ஆசிரியர்களே, மாணவர்களே, இப்பணியில் நமக்குப் பங்குண்டு. 2024இல் புதிய குடிசன மதிப்பீடு எடுக்கப்பட்டிருக்கிறது. அதன் எண்களைக் கிராம உத்தியோகத்தர் பிரிவுவாரியாகப் பெற்று, நம் தோட்டத்தின் எல்லையை வரைபடத்தில் இட்டு, எங்கே லயம், எங்கே பாடசாலை, எங்கே ஓடை என்று குறித்துப் பார்ப்பது உயர்தர வகுப்புப் புவியியல் மாணவனுக்கு அரிய வேலையன்று. குழுவினர் பொதுமக்களிடம் முறையீடு கோரும்போது, கண்ணீர்க் கடிதத்தைவிட அத்தகைய வரைபடம் ஒன்று வலிமை மிக்கது. கொழும்பிலிருக்கும் குழு ஓடையைப் பார்க்கவில்லையெனில், ஓடையைத் தாளில் கீறிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியவர் நாமே. கடந்த முறை நாம் அனுப்பவில்லை. அப்பழியில் என் பங்கையும் ஒப்புக்கொள்கிறேன்; வட்டார எல்லை வர்த்தமானியில் வந்த அன்று, நான் அதை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த முதியவரை அண்மையில் மீண்டும் கண்டேன். பாலம் இன்னும் போடப்படவில்லை. மேற்பிரிவில் நான்கைந்து தகப்பன்மார் கூடி இரண்டு கமுக மரங்களை ஓடையின் குறுக்கே கிடத்தியிருக்கின்றனர். மழை ஓய்ந்த நாட்களில் பிள்ளைகள் அதன்மீது ஒருவர் பின் ஒருவராய் ஒரு வட்டாரத்திலிருந்து மற்றொரு வட்டாரத்துக்கு நடந்து, நேரத்துக்குப் பள்ளிக்கூடம் சேர்கின்றனர்.