ஃபோர்ட்ரான் திரும்பி வந்ததா?

2024 மே மாதத்தில் டியோபி நிறுவனம் வெளியிட்ட நிரல்மொழிகளின் தரவரிசையில் ஃபோர்ட்ரான் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. 2021 ஏப்ரலில் அது முதல் இருபதுக்குள் நுழைந்தபோதே சலசலப்பு எழுந்திருந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் அதற்கு ‘மறுவருகை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் குழுவினர் உருவாக்கி 1957-இல் வெளிவந்த மொழி, தன் அறுபத்தேழாம் வயதில் இளைய மொழிகள் பலவற்றைப் பின்தள்ளியது என்றால் நிரலர்கள் வாளாவிருக்கமாட்டார்கள். பலர் நகைத்தனர். துளையட்டையில் எண்பது நெடுவரிசை எண்ணி எழுதிய தலைமுறையினர் தம் காலம் மெய்ப்பிக்கப்பட்டதாக மகிழ்ந்தனர். வேலை தேடும் இளைஞர்கள் கேட்டதோ ஒன்றே ஒன்று: இதைக் கற்றால் ஊதியம் எவ்வளவு?

நகைப்பும் மகிழ்ச்சியும் ஒருபுறம் இருக்க, அத்தரவரிசை எதை அளக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். தேடுபொறிகளில் ஒரு மொழியின் பெயர் எத்தனை பக்கங்களில் தென்படுகிறது என்பதே அதன் அடிப்படை. அம்மொழியில் எத்தனை நிரல்கள் இயங்குகின்றன, எத்தனை பேர் அவற்றைப் படித்துத் திருத்த வல்லவர்கள் என்பவை அந்தக் கணக்கில் வாரா. பேசப்படுவதன் அளவை வாழ்வதன் அளவாகக் கொண்டதில்தான் ‘மறுவருகை’ என்ற சொல் பிறந்தது.

செகந்திராபாத்துக்கு இத்தகைய செய்தி புதிதன்று. 1990-களின் இறுதியில் அந்நகரம் வேறொரு பழைய மொழியின் மறுவருகையைக் கண்டது. 1987-இல் தொடங்கப்பட்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் சர்தார் படேல் சாலையின் மேஃபேர் சென்டரில் இருந்தது. ஆண்டினை இரண்டு இலக்கத்தில் மட்டும் பதிந்து வைத்திருந்த அமெரிக்க, ஐரோப்பியக் கோபோல் நிரல்களை 2000-க்குள் சீர்செய்யும் பணி, அந்நிறுவனம் உட்பட இந்திய மென்பொருள் துறை முழுவதற்கும் பெரும் வாய்ப்பாயிற்று. சில கல் தொலைவில் உள்ள அமீர்பேட்டையின் பயிற்சிக்கூடங்களில், அதற்கு முன் எவரும் விரும்பிக் கற்காத மெயின்ஃபிரேம் பாடங்களுக்கு மாணவர்கள் திரண்டனர். வேதியியல் படித்தவர்களும் இயந்திரவியல் படித்தவர்களும் சில மாதங்களில் கோபோல் நிரலர் ஆயினர்.

2000 பிறந்தது, வேலை தீர்ந்தது. பயிற்சிக்கூடங்களின் விளம்பரத் தட்டிகளில் ஜாவாவும் டாட்நெட்டும் ஏறின. ஆனால் கோபோல் எங்கும் போய்விடவில்லை. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் அரசுத் துறைகளிலும் அது இயங்கிக்கொண்டே இருந்தது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின் நடுவே, நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் அறிந்த தன்னார்வலர்கள் தேவை என்று வெளிப்படையாகக் கேட்டபோது அதே மொழி மீண்டும் ‘திரும்பி வந்தது’. இரண்டு தடவையும் திரும்பி வந்தது மொழியன்று. அதனைப் பேணுவோரை மறந்துவிட்டிருந்த நிறுவனங்களுக்கு அவர்களுடைய நினைவு திரும்பி வந்தது, அவ்வளவே. அந்த நினைவு ஒரு நெருக்கடியின் கால அளவுக்கு மேல் நீடிப்பதில்லை என்பதை அமீர்பேட்டையில் அன்று கற்றவர்கள் தம் பணிவாழ்வில் அறிந்துகொண்டனர்.

ஃபோர்ட்ரானின் நிலை இதனினும் நுட்பமானது. அதற்கு 2000 போன்ற கெடுநாள் எதுவும் இல்லை; ஆகவே எவருக்கும் அவசரமும் இல்லை. ஹைதராபாத்தின் பிரகதி நகரில் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இயங்குகிறது. 1999-இல் நிறுவப்பட்டு, 2007 முதல் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கையும் வழங்கிவரும் இம்மையத்தின் அறிவிப்புகளைக் கன்னியாகுமரி முதல் பழவேற்காடு வரை மீனவர்கள் எதிர்நோக்குகின்றனர். அலைகளைக் கணிக்கப் பயன்படும் வேவ்வாட்ச் 3, ஸ்வான் ஆகியனவும், கடலோட்டங்களைக் கணிக்கும் ரோம்ஸ் மாதிரியும் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டவை. தென்னிந்தியப் பெருங்கடலின் புயல்களில் பிறந்து, பல்லாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து, உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் கரையேறும் அலையைக் கேரள மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்கின்றனர். அதை முன்னறிய, கடற்பரப்பைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் அலையின் ஆற்றலைத் தனித்தனியே கணித்து, சில நிமிடக் கால இடைவெளிகளில் அதனை முன்நகர்த்த வேண்டும். சுழற்சிக்குள் சுழற்சியாக எண்ணிறந்த கூட்டலும் பெருக்கலும் நிகழும் இவ்வேலைக்காகவே பிறந்த மொழி ஃபோர்ட்ரான்.

அதன் விரைவுக்குக் காரணம் மரபின்மீதான பற்று அன்று. ஒரு துணைநிரலுக்குள் வரும் இரண்டு அணிகளில் ஒன்றின் மதிப்பு மாற்றப்படுமாயின், அவை நினைவகத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கக் கூடாது என்பது அம்மொழியின் விதி. இந்த உறுதியை நம்பிக் கம்பைலர் கணக்கீடுகளை இடம் மாற்றலாம், ஒருசேரச் செய்யலாம். சி மொழியில் இவ்வுறுதி இயல்பாக இல்லை. நிரலர் விரும்பினால் அதனை அளிப்பதற்கென ஒரு குறிச்சொல் 1999-ஆம் ஆண்டின் தரநிலையில்தான் சேர்ந்தது. ஃபோர்ட்ரானும் உறைந்து நின்றுவிடவில்லை. அதன் அண்மைத் தரநிலை 2023-இல் வெளியானது. பைத்தானில் ஓர் அணிக்கோவையின் ஐகன் மதிப்பைக் கேட்கும் மாணவர், தாம் அறியாமலேயே, ஃபோர்ட்ரானில் உருவான லாபேக் நூலகத்தின் வாசலில் நிற்கிறார்.

2024 மே முதல் வாரத்தில் கேரளத்துக்கும் தென் தமிழகக் கடற்கரைக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை அம்மையத்திலிருந்து வெளியானது. மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். எச்சரிக்கை இருந்தது, அது கரையில் நின்றவர்களின் காலடி வரை சென்று சேரவில்லை என்பது தனியே பேசவேண்டிய துயரம். ஃபோர்ட்ரான் ‘திரும்பி வந்துவிட்டதா’ என்று நிரலர்கள் நகைத்துக்கொண்டிருந்ததும் அதே மே மாதத்தில்தான்.

இந்தியக் கல்விக்கூடங்களில் இம்மொழி ஒருகாலத்தில் தலைவாசலாக இருந்தது. 1963-இல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்து சேர்ந்தபின், மாணவர்கள் முதலில் கற்றது ஃபோர்ட்ரானே. அங்கே கற்பித்தவர்களுள் ஒருவரான, ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் எழுதிய மலிவுவிலைப் பாடநூல்களின் வழியே நாடெங்கும் ஒரு தலைமுறை நிரலெழுதக் கற்றது. அறிவிக்கப்படாத மாறியின் பெயர் ஐ முதல் என் வரையிலான எழுத்துகளில் தொடங்கினால் அது முழுஎண் என்ற விதியை அத்தலைமுறையினர் இன்றும் உறக்கத்தில் சொல்வார்கள். (கணிதத்தின் வழக்கத்தை ஒரு மொழி சட்டமாக்கிய வேடிக்கை அது, அந்தச் சட்டத்தால் விளைந்த பிழைகளும் கொஞ்சமல்ல.) பின்னர் பாடத்திட்டங்களில் சி வந்தது, ஜாவா வந்தது, இப்போது பைத்தான் வந்திருக்கிறது. மாற்றம் தவறன்று. முதலாண்டு மாணவர் அனைவரும் ஃபோர்ட்ரான் கற்க வேண்டும் என்று இன்று எவரேனும் கோரினால் அது வெறும் ஏக்கமாகவே இருக்கும்.

குறை வேறிடத்தில் உள்ளது. வளிமண்டலவியலிலோ கடலியலிலோ நிலநடுக்கவியலிலோ ஆய்வில் சேரும் மாணவரின் கையில் முதல் மாதமே ஓர் இலட்சம் வரிகளுக்கு மேற்பட்ட நிரல் ஒப்படைக்கப்படுகிறது. அதை எழுதியவர் ஓய்வுபெற்றிருப்பார். அதன்பின் திருத்தியவர் வெளிநாடு சென்றிருப்பார். பொதுத்தொகுதி ஒன்றில் வைக்கப்பட்ட மாறி எந்தத் துணைநிரலில் மதிப்பு மாறுகிறது என்பதைக் கண்டறிய அவருக்கு வாரங்கள் ஆகின்றன. எந்தப் பாடத்திலும் இதற்கு மதிப்பெண் இல்லை. ஆய்வேட்டில் இதற்கு ஓர் இயல் இல்லை. ‘மாதிரி தக்கவாறு மாற்றியமைக்கப்பட்டது’ என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் ஓராண்டு உழைப்பு அடங்கிவிடுகிறது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்பது, புதிதாக எதை உருவாக்கினீர்கள் என்பதையே. இருந்ததைப் புரிந்துகொண்டு கெடுக்காமல் நீட்டித்தேன் என்பது அங்கே விடையாகக் கொள்ளப்படுவதில்லை. மென்பொருள் நிறுவனங்களும் இதில் வேறுபட்டவை அல்ல. பராமரிப்புப் பணி என்றாலே இளையோர் முகம் சுளிப்பதற்கு, பதவி உயர்வு எந்தப் பணிக்குக் கிடைக்கிறது என்பதை அவர்கள் கண்டிருப்பதே காரணம்.

பழைய நிரல்களை வேறு மொழிக்குப் பெயர்த்துவிடலாமே என்ற எதிர்வாதம் வலிமையானது, தட்டிக்கழிக்கத் தக்கதன்று. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகம் 2023-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு ஃபோர்ட்ரானை நம்பியிருப்பதன் இடர்களை ஆராய்ந்தது. போதிய நிரலர்கள் கிடைப்பார்களா, புதிய வரைகலைச் செயலிகளுக்குத் தக்க கம்பைலர்கள் இருக்குமா என்பன அதன் கவலைகள். பைத்தானின் சைபை நூலகம் தன்னுள் இருந்த ஃபோர்ட்ரான் பகுதிகளைச் சிறிது சிறிதாக வேறு மொழிகளுக்கு மாற்றிவருகிறது. ஆனால் இம்மாற்றத்தைச் செய்பவர் யார்? பழைய நிரலின் ஒவ்வொரு வரியையும் படித்து, அதன் பொருளை அறிந்தவரே. வாசிக்கத் தெரியாதவரால் பெயர்க்கவும் இயலாது.

இதற்கு ஒப்பான சான்று செகந்திராபாத்திலேயே உண்டு; அங்கே வயதானது மொழியன்று, இயங்குதளம். கணினிவழி ரயில் முன்பதிவு 1985-இல் புதுதில்லியில் தொடங்கியது. தனித்தனியே இயங்கிய மையங்களை ஒன்றிணைக்கும் கான்சர்ட் என்ற மென்பொருள் முதன்முதலில் நடைமுறைக்கு வந்த இடம் செகந்திராபாத், ஆண்டு 1994. 1999-இல் நாட்டின் ஐந்து மையங்களும் இணைந்தன. இன்றுள்ள முறைமை 2010-இல் நிறுவப்பட்டதென்றும், அது ஐட்டேனியம் வழங்கிகளிலும் ஓப்பன்விஎம்எஸ் இயங்குதளத்திலும் ஓடுகிறதென்றும், நிமிடத்துக்குச் சுமார் 25,000 பயணச்சீட்டுகளைக் கையாள்கிறதென்றும், அதனைப் புதிய தொழில்நுட்பத்துக்கு மாற்றும் பணி நடைபெறுகிறதென்றும் 2025-இல் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 1977-இல் பிறந்த விஎம்எஸ்ஸின் வழித்தோன்றல் அந்த இயங்குதளம். இடைநிறுத்தம், ஒதுக்கீடு, காத்திருப்போர் வரிசை என நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த விதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் அதனைப் புதிய இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதுவும் ஒரு நாள்கூட முன்பதிவை நிறுத்தாமல். பழைய தளத்தை அறிந்தவரும் புதியதை அறிந்தவரும் ஒரே மேசையில் அமராமல் இது நிறைவேறாது.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது பெரிய செலவுடையதன்று. வேவ்வாட்ச் 3 நிரல் எவரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்தே கிடக்கிறது. ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் இலவசம். சிறிய கடற்பகுதி ஒன்றுக்கு ஒரு மடிக்கணினி போதும். ஆய்வுநெறிப் பாடங்களுள் ஒரு பருவத்துக்கு நிரல்வாசிப்பு என ஒன்றைச் சேர்த்து, ஒரு துணைநிரலைத் தேர்ந்தெடுத்து அதன் உள்ளீடு எது, வெளியீடு எது, எந்த இயற்பியல் சமன்பாடு எந்த வரியில் உள்ளது, எந்த எண் எவரால் ஏன் வைக்கப்பட்டது என்று மாணவரை எழுதச் சொல்லலாம். ஒரு வரியை மாற்றி, பழைய விடைகள் எங்கெங்கே மாறின என்று காட்டச் சொல்லலாம். அந்தக் குறிப்பேட்டுக்கே மதிப்பெண் அளித்துத் துறை நூலகத்தில் வைத்தால், அடுத்த ஆண்டு அதே நிரலைத் திறப்பவர் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.