வெயிலுக்குத் தயாரா மின் ஸ்கூட்டர்?

புதிய மின் ஸ்கூட்டர் விற்பனைக்கு வருகிறது என்றதும், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும், விலை என்ன என்றே எல்லோரும் கேட்கின்றனர். சித்திரை வெயிலைப் பாட்டரி தாங்குமா என்று கேட்போர் குறைவு.

கேட்காததன் விலை 2022-ல் தெரிந்தது. அவ்வாண்டு மார்ச்சில், வேலூரில் இரவு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் மாண்டனர். புனேயில் சாலையோரம் நின்றிருந்த வண்டி எரிந்தது. ஏப்ரலில் மூன்று கம்பெனிகள் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தன. முறைப்படி விற்பனைக்கு வந்த வண்டிகள்தாம் இவை!

லித்தியம் பாட்டரியில் ஒரு செல் அளவு மீறிச் சூடேறினால், வெப்பம் அடுத்த செல்லுக்குத் தாவும். பிறகு தண்ணீருக்கும் எளிதில் அடங்காது. எனவே மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 விதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக அமல் செய்தது. பாட்டரியை நீரில் மூழ்கவைத்துப் பார்க்கவேண்டும். ஒரு செல்லில் எழும் வெப்பம் மற்றவற்றுக்குப் பரவுகிறதா என்றும் சோதிக்கவேண்டும்.

நல்ல விதிதான், தாமதமாக வந்தாலும். ஆனால் சோதனைக்குப் போவது மாதிரி வண்டி. ஆலையிலிருந்து அன்றாடம் வெளிவரும் வண்டிகளிலும் அதே தரமான செல்லும் அதே வெல்டிங்கும் உள்ளனவா? இடையிடையே எடுத்துப் பார்க்கும் சோதனை சம்பிரதாயமாகிவிட்டால், சான்றிதழ் வெறும் காகிதமே. கம்பெனிகள் அறிமுக விழாவுக்கு நாள் குறிக்குமுன், ஒரு கோடை முழுவதும் மேடுபள்ளச் சாலைகளில் வண்டியை ஓட்டி, அதன் முடிவுகளை வெளியிடட்டும். பெங்களூர் அடுக்குமாடி வீடுகளின் அடித்தளத்தில் வரிசையாக வண்டிகளை நிறுத்தி இரவெல்லாம் சார்ஜ் ஏற்றுவோருக்கு, கிலோமீட்டர் கணக்கைவிட அந்த முடிவுகளே முக்கியம்.