சிறு புகையிரத நிலையமும் நம் வரலாற்றுக் கடமையும்

வரலாறு என்றவுடன் நம்மவர் மனம் அரண்மனையையும் போர்க்களத்தையும் நாடிச் செல்லுதல் வழக்கம். மன்னர் பெயர்களும் அவர்கள் ஆண்ட ஆண்டுகளும் மனனஞ் செய்யப்பட்டுத் தேர்வுத் தாளில் எழுதப்படுகின்றன. ஆயின், நாள்தோறும் தான் ஏறி இறங்கும் புகையிரத நிலையம் எப்பொழுது தோன்றியது, எதன் பொருட்டுத் தோன்றியது, அதன் வழியாகத் தன் முன்னோர் எவ்வாறு வந்தனர், எவ்வாறு பிரிந்தனர் என்று ஒரு மாணவனை வினவினால் அவன் திகைத்து நிற்கின்றான். அவன்மீது குற்றமில்லை. எழுதி வையாத வரலாற்றை அவன் எங்ஙனம் கற்பான்? மலைநாட்டுச் சிறு புகையிரத நிலையங்களின் வரலாறு எழுதப்படல் வேண்டும் என்பதும், அதனை எழுதும் பொறுப்பு அயலவருடையதன்று, நம்முடையதே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

எடுத்துக்காட்டாக வட்டகொடை நிலையத்தைக் கொள்வோம். தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே, தேயிலைச் சரிவுகளின் நடுவே அமைந்த சிறு நிலையம் அது. பூண்டுலோயாப் பக்கத்து மக்களுக்கும் மடக்கும்புர முதலிய தோட்டங்களில் வாழ்வோருக்கும் அதுவே வெளியுலகின் வாயிலாக விளங்கிற்று. கொழும்புக்குச் செல்பவரும், கண்டி மருத்துவமனைக்குச் செல்பவரும், கல்லூரி விடுதியில் மகனைச் சேர்க்கச் செல்லும் தந்தையும் அங்கே காத்து நின்றே வண்டி ஏறினர். இத்தகைய நிலையத்துக்கு வரலாறு உண்டோ என்று ஐயுறுவார், பின்வருவனவற்றைச் சற்றே நோக்குக.

இலங்கையின் புகையிரதப் பாதை கோப்பிக்காக எழுந்தது. மலையில் விளைந்த கோப்பியை மாட்டுவண்டிகளில் கொழும்புக்கு இறக்குவதில் காலமும் பொருளும் வீணாவதைக் கண்ட தோட்டத்துரைமார் இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாக 1867ஆம் ஆண்டு பாதை கண்டியை அடைந்தது. 1874இல் நாவலப்பிட்டியை எட்டியது. அங்கிருந்து அட்டனுக்கு ஏறிவர மேலும் பத்தாண்டுகள் சென்றன. அட்டனுக்கு வண்டி வந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். வட்டகொடை அமைந்திருப்பது இந்த இறுதிப் பகுதியிலேயாம். பின்னர் 1893இல் அப்புத்தளையும் 1924இல் பதுளையும் இணைக்கப்பட்டன.

நாற்பத்து நான்கு அடி தூரம் சென்றால் ஓரடி உயரும் ஏற்றம். அகலமோ ஐந்தரை அடி. அவ்வளவு அகன்ற பாதையை இத்தகைய செங்குத்து மலையிலே வளைத்து வளைத்து ஏற்றிப் பட்டிப்பொலைக்கு அப்பால் 6,200 அடிக்கு மேற்பட்ட உயரத்துக்குக் கொண்டு சென்றமை பெருஞ் செயலே. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே மலையைக் குடைந்து 1,800 அடிக்கு மேல் நீளமான சுரங்கம் அமைத்தனர். ஆங்கில நூல்கள் அதனைப் பூல்பாங்க் சுரங்கம் என்று குறிக்கும். நம் மக்கள் அதற்கு இட்ட பெயர் சிங்கமலைச் சுரங்கம். இவ்விரண்டு பெயர்களையும் நோக்கினாலே, ஒரே பாதைக்கு இரண்டு வரலாறுகள் உண்டு என்பது புலனாகும். ஒன்று வரைபடம் கீறியவர் வரலாறு, அது எழுதப்பட்டுவிட்டது. மற்றொன்று கல் உடைத்தவர் வரலாறு. அது இன்னும் பேச்சிலேயே உள்ளது.

விந்தை யாதெனில், எந்தப் பயிருக்காகப் பாதை திட்டமிடப்பட்டதோ அந்தப் பயிர், பாதை இங்கு வந்து சேருமுன்னரே அழிந்துகொண்டிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை ஒவ்வொன்றாக மாய்த்தது. 1885இல் வண்டி நானுஓயாவை அடைந்தபொழுது மலைகளில் தேயிலை பரவத் தொடங்கியிருந்தது. கோப்பிக்காகப் போட்ட தண்டவாளம் தேயிலைப் பெட்டிகளைச் சுமந்தது. மேலேறும் வண்டி அரிசியும் உரமும் கொண்டுவந்தது. கீழிறங்கும் வண்டி தேயிலை கொண்டு சென்றது. லயத்து அடுப்பில் உலை கொதித்ததும், கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் நிரம்பியதும் இத்தகைய சிறு நிலையங்களின் சரக்கு மேடை வழியாகவே நடைபெற்றன.

பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் நிலையத்தில் அன்றி வேறெங்கும் ஒன்றையொன்று கடத்தல் இயலாது. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குச் செல்ல உரிமை தரும் ‘டேப்ளட்’ என்னும் வில்லையை நிலைய அதிபரிடமிருந்து பெற்ற பின்னரே சாரதி வண்டியைச் செலுத்துவார். எனவே நள்ளிரவிலும் அடைமழையிலும் ஒரு சிறு நிலையத்தில் விழித்திருக்கும் ஒருவருடைய கவனத்திலே நூற்றுக்கணக்கானோர் உயிர் தங்கியிருக்கின்றது. சிறு நிலையம் என்பது அளவாற் சிறிது, பொறுப்பாற் சிறிதன்று.

இனி மக்கள் வரலாற்றுக்கு வருவோம். புகையிரதம் வருமுன்னர்த் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே வீழ்ந்தவர் பலர். 1914இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டு, கடலுக்கு அப்பால் தனுஷ்கோடியுடன் கப்பற் சேவை தொடங்கிய பின்னர், வருவோரிற் பெரும்பாலார் வண்டியிலேயே மலையேறினர். ஆகவே இந்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் மலைமண்ணில் வைத்த முதலடி ஒரு புகையிரத மேடையில் வைத்த அடியேயாகும்.

அவர்கள் வேரூன்றினர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள். வட்டகொடை மண்ணின் மைந்தர் அவர். மறு ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் நம்மவர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனக் கணக்கிடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நாட்டை விட்டு அகன்றனர்.

அவர்கள் அகன்றது இந்நிலையங்களின் வழியாகவே. தகரப் பெட்டியும் பாய்ச்சுருளுமாக மேடையில் நின்றவர்களைத் தலைமன்னாருக்குச் செல்லும் வண்டி ஏற்றிச் சென்றது. ஒரு வீட்டில் தமையனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரசாவுரிமை என நேர்ந்ததுண்டு. மகளை இங்கே கட்டிக்கொடுத்த தாய் அங்கே செல்ல நேர்ந்ததுண்டு. வண்டி நகர்கையில் மேடையில் எழுந்த ஒப்பாரி மரண வீட்டு ஒப்பாரிக்குக் குறைந்ததன்று என அதனைக் கண்டவர் கூறுவர். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், அதற்குரிய பொருள் புணர்ச்சி என்றும் இலக்கணம் கற்பிக்கின்றோம். பிரிவோ பாலைக்கு உரியது. குறிஞ்சி நிலத்தின் நடுவே பாலை நிகழ்ந்த இடம் இப்புகையிரத மேடை என்று மாணவர்க்குச் சொன்னால், திணை மயக்கம் என்பது நூற்பாவில் மட்டும் உள்ளதன்று என்பதை அவர்கள் உணர்வர்.

இத்துணைப் பொருள் பொதிந்த இடத்தை இன்று உலகம் எவ்வாறு அறிகின்றது? பல தேசத்தாரும் இப்பாதையின் எழிலைக் காண வருகின்றனர். அருவிகளையும், எல்லைக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தையும் படம் பிடித்துச் செல்கின்றனர். அதில் தவறொன்றுமில்லை, நாட்டுக்கு வருவாயும் உண்டு. ஆயினும், சன்னலுக்கு வெளியே தெரியும் பசுமை மட்டுமே இப்பாதையின் வரலாறு என்று நம் பிள்ளைகளும் எண்ணத் தலைப்படுவாராயின் அது பேரிழப்பாகும்.

எழுதாதது எவ்வளவு விரைவில் மறையும் என்பதற்குச் சான்று அருகிலேயே உள்ளது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு குறும்பாதை இரயில் ஓடியது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்ட அப்பாதை நாற்பது ஆண்டளவில் மூடப்பட்டு, தண்டவாளமும் பெயர்த்தெடுக்கப்பட்டது. அவ்வூர்களிலே இன்றைய சிறுவர் எத்தனை பேர் தம் ஊருக்குப் புகையிரதம் வந்ததை அறிவர்? தண்டவாளம் போனபின் நினைவும் போயிற்று.

“ஆவணம் இன்றி வரலாறு எழுதலாகாது, தோட்ட மக்களிடம் ஆவணம் ஏது?” என்று கற்றோர் சிலர் வினவுவர். ஆவணம் தேவை என்பது உண்மையே. எனினும் ஆவணம் தானாக நம் வீட்டு வாயிலை வந்து தட்டுவதில்லை. உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஊர் ஊராகச் சென்று பரணிலும் மூலையிலும் கிடந்த ஏடுகளைத் தேடாதிருந்தால், செல்லுக்கு இரையானவை போக எஞ்சியவையும் நமக்குக் கிட்டியிரா. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்ட மக்கள் வாயிலிருந்த பாடல்களைத் தொகுத்தமையாலன்றோ அவற்றை இன்று நூலிற் காண்கின்றோம். பழைய கடிதம், கடவுச்சீட்டு, புகைப்படம், சரக்குச் சீட்டு ஆகியன நம் வீட்டுத் தகரப் பெட்டிகளிலே இருக்கின்றன. அவையே நம் ஏடுகள். 1970இல் இருபது வயதினராய் மேடையில் நின்று உறவினரை வழியனுப்பியவர் இன்று எழுபத்தைந்தைக் கடந்தவர். அவர் நினைவைப் பதிந்து வைக்க இன்னும் பலகாலம் கிடைக்கும் என்று எவர் உறுதி கூறுவர்?

மற்றுஞ் சிலர், “துயரத்தைக் கிளறுவதால் பயன் என்ன? 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குடியுரிமைச் சிக்கல் தீர்ந்ததே” என்பர். தீர்ந்தமை மகிழ்ச்சிக்குரியது. ஆனால் தீர்ந்த நோயின் வரலாற்றை மருத்துவர் எழுதி வையாது விடுவதில்லை. உரிமை எவ்வாறு போயிற்று, எவ்வாறு மீண்டது என அறியாதவன் அதன் அருமையையும் அறியான். மேலும், 2023இல் மலையக மக்கள் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் கால்நடையாகவே வந்தனர். முன்னோர் நடந்த வழிக்குக் கிட்டிய அந்த மதிப்பு, அவர்கள் வந்திறங்கிய, பின்னர்ப் பிரிந்து சென்ற நிலையங்களுக்கும் கிட்டுதல் முறையன்றோ?

செய்ய வேண்டுவது பெரிதன்று. பெரும் பணமும் வேண்டா. ஒவ்வொரு நிலையத்துக்கும் அருகிலுள்ள பாடசாலை ஒரு தடித்த கொப்பியை அதற்கென ஒதுக்கட்டும். உங்கள் குடும்பத்தார் எந்நிலையத்தில் வந்திறங்கினர், எத்தோட்டத்துக்குச் சென்றனர், யார் எவ்வாண்டு பிரிந்து சென்றனர், உங்கள் தோட்டத்துக்கும் மலைக்கும் மக்கள் வழங்கும் தமிழ்ப்பெயர் யாது என்னும் வினாக்களோடு மாணவர் தம் பாட்டன் பாட்டியரை அணுகட்டும். ஓய்வுபெற்ற புகையிரத ஊழியரையும், தமிழரென்றும் சிங்களவரென்றும் வேறுபாடு பாராது, தேடிச் சென்று கேட்கட்டும். இரவில் விழித்திருந்தவர் எம்மொழியினராயினும் நமக்காகவே விழித்திருந்தார். புகையிரதத் திணைக்களத்தாரும் நிலையங்களிற் கிடக்கும் பழைய பதிவேடுகளையும் விளக்குகளையும் கருவிகளையும் பழைய இரும்பென்று கழித்துவிடாது காத்தல் வேண்டும்.

பழைய மாணவர்க்கு ஒரு தனி வேண்டுகோள். உங்களிற் பலர்க்கு நீலகிரியிலும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் உறவினர் இருக்கக்கூடும். அங்குள்ள முதியோர் நினைவுகளை எழுதுவித்து அனுப்புங்கள். இம்மலரை வெளியிடும் சங்கம் ஆண்டுதோறும் சிறந்த நிலைய வரலாறு ஒன்றுக்குப் பரிசில் வழங்க முன்வருமாயின், விழா முடிந்து தோரணம் வாடிய பின்னரும் நிலைத்து நிற்கும் பணியாக அஃது அமையும்.

மாணவர்களே, நீங்கள் தொடங்குவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டா. இவ்விடுமுறையிலேயே வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து, முதல் வினாவைக் கேளுங்கள்.