நொதுமலும் நிலமும் கூடும் இடம்

கூரைமேற் சூரிய ஒளித் தகடு பதித்த வீடுகள் நம்மிடையே பெருகிவருகின்றன. 2016ஆம் ஆண்டில் அரசு ‘சூரியபல சங்கிராமய’ திட்டத்தைத் தொடக்கியபோது மின்பட்டியல் குறையும் என்ற எண்ணமே பலரையும் கவர்ந்தது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீண்டபோது மற்றொரு பாடமும் கிடைத்தது. பொதுவடத்தில் மின் நின்றால் வழமையான இன்வேர்ட்டரும் தானாகவே நின்றுவிடும். வடத்திலே வேலைசெய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அது அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே வைத்தியரும் ஆசிரியரும் கமக்காரரும் மின்கலத்துடன் கூடிய இன்வேர்ட்டரை நாடலாயினர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதனுடன் சேர்ந்து வீட்டுக்குள் வந்துள்ள ஓர் ஆபத்தைப் பலர் அறிந்திலர்.

இலங்கையில் ‘நொதுமல்’ எனப்படும் நடுநிலைக் கம்பி நிலத்துடன் பிணைக்கப்படுவது மின்மாற்றியின் அருகிலாகும். வீட்டின் புவிக்கம்பியோ பொதுவாக நமது வளவில் நட்ட தண்டிலே முடிகின்றது. அத்தண்டின் தடை 100 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ற்று உயிர்க்கம்பி நீரிறைக்கும் மோட்டரின் உடலைத் தொடுமானால் நிலத்தினூடே ஓடுவது ஏறக்குறைய 2.3 அம்பியரே. வீட்டின் பிரதான உருகி இதற்கு உருகாது. மோட்டரோ தொட்டாரைக் கொல்லும் நிலையில் நிற்கும். இதனாலேயே 30 மில்லியம்பியர் கசிந்தாலும் மின்னைத் துண்டிக்கும் ‘ட்ரிப் சுவிச்’ நமக்கு இன்றியமையாத காவலாகின்றது.

மின்வெட்டு வந்ததும் இன்வேர்ட்டர் வீட்டைப் பொதுவடத்திலிருந்து பிரிக்கின்றது. பல அமைப்புக்களில் உயிர்க்கம்பியுடன் நொதுமலும் பிரிகின்றது. அப்பொழுது மின்மாற்றியடியிலுள்ள பிணைப்பினால் வீட்டுக்குப் பயனில்லை. கசியும் மின் திரும்பிச்செல்ல வழியில்லாமையால் ட்ரிப் சுவிச் விழமாட்டாது. முதற் பழுது வெளித்தெரியாது கிடக்கும்; இரண்டாவது பழுது உயிரை வாங்கும். ஆதலின், வீடு பிரிந்து நிற்கும் வேளையில் மட்டும், ட்ரிப் சுவிச்சுக்கு முன்னதாக, நொதுமலையும் புவிக்கம்பியையும் தானியங்கி ஆளியொன்று பிணைத்தல் வேண்டும். பொதுமின் மீண்டும் இணையுமுன் அப்பிணைப்பு அகலவும் வேண்டும்.

சிலர் குறுக்குவழியாக ஒரு கம்பித்துண்டினால் இவ்விரண்டையும் நிரந்தரமாகக் கட்டிவிடுகின்றனர். இதனை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். சுவிச்சுக்குப் பின்னே கட்டினால் அது அடிக்கடி விழும். தொல்லை தாங்காது சுவிச்சையே கழற்றிவிடுவர். முன்னே கட்டினாலோ ஆபத்து மறைந்திருக்கும். பொதுவடத்தின் நொதுமல் காற்றில் அறுந்தால் வீட்டின் மின்னெல்லாம் அத்தண்டின் வழியே திரும்ப முயலும். ஆடி, ஆவணி வறட்சியில் நிலத்தின் தடை உயர்ந்திருக்கையில் குளிர்சாதனப் பெட்டியின் உடல், மோட்டர், கூரைத் தகட்டின் சட்டம் யாவும் உயிர்க்கம்பி போலாகிவிடும். ட்ரிப் சுவிச் அதனை உணராது.

மற்றொரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். சோதனைப் பொத்தானை அழுத்தச் சுவிச் விழுமானால் சுவிச் பழுதின்றி இயங்குகின்றது என்றே பொருள்; புவித்தொடுப்புச் சரியென்று பொருளன்று. தகட்டுச் சட்டங்களுக்குத் தனித்தண்டு நட்டு, அதை வீட்டுப் புவித்தொடுப்புடன் இணையாது விடுவதும் தவறே. இடிமின்னற் காலத்தில் இரு தண்டுகளுக்கிடையே எழும் அழுத்த வேறுபாடு கருவிகளைத் தாக்கும்.

ஆகவே, கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன் மூன்றைக் கேளுங்கள். புவித்தண்டின் தடையை அளந்து எழுதித் தரவேண்டும். பொதுமின் உள்ளபோதும் மின்கலத்தில் ஓடும்போதும் உயிர்க்கம்பிக்கும் புவிக்கம்பிக்கும் இடையே கசிவு உண்டாக்கி, சுவிச் விழுவதைக் கருவிகொண்டு காட்டவேண்டும். பிணைப்பு எங்கே, எப்பொழுது நிகழ்கின்றதென்று வரைபடத்தில் குறித்துத் தரவேண்டும்.

அரசுக்கும் ஒன்று கூறுவோம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. உயிர்காக்கும் விதிகள் தமிழ்க் கமக்காரனின் கையில் அவன் மொழியிலே சேரவேண்டும் என்பது சலுகைக் கோரிக்கையன்று, உரிமை. அது நிறைவேறும்வரை மரணம் காத்திராது. பொருத்திய தொழிலாளியை அழைத்து அந்தப் பிணைப்பைக் காட்டும்படி இவ்வாரமே கேளுங்கள்.